விமான நிலையப் புத்தகக் கடையில் ஒரு பறிமுதல்

1. வந்தவர்களும் வராதவரும்

வந்தவர்கள்: முனுசாமிப் பெரியப்பா, கோதண்டம் மாமா, தேசப்பன் சித்தப்பா, அவர்களை அழைத்துப் போகும் பொறுப்பில் நான். வராதவர்: எங்கள் குப்பத்துத் தலைவர். அவர் மனைவிக்குப் பொன்னேரியில் அன்றைக்குத்தான் கண் ஆபரேஷன். அவருக்குப் போட்ட டிக்கெட்டைக் கேன்சல் செய்தபோது, ஒரு ஆள் குறைந்தால் என்ன, மூன்று பேர் போதாதா என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பெரியப்பா, மாமா, சித்தப்பா என்பதெல்லாம் ஊர் முறை. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் பிறந்தால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. எங்கள் நைனாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நான் பொன்னேரிக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, மீனவர் குப்பங்களில் வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஃபீல்ட் அசிஸ்டன்டாகச் சேர்ந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும், நடந்ததை அப்படியே எழுது என்று எங்கள் மேடம் சொன்னதால் எழுதுகிறேன்.

கொச்சியில் ஒரு பயிலரங்கு. எங்கள் ஏரியின் பாடு முறையைப் பற்றி, அதில் தொழில் செய்கிறவர்களே வந்து பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பாடு என்றால் இதுதான். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் விழுந்தால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்துக்கொள்வோம். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்தத் தண்ணீர் இன்றைக்கு உன்னுடையது. வேறு யாரும் அங்கே வலை போட மாட்டார்கள். போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது.

நான்தான் பி.பி.டி. தயார் செய்தேன். கடைசி ஸ்லைடில், 'எங்கள் குப்பத்தில் இதுவரை யாரும் மீறியதில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இது நிச்சயமா வினோத்?" என்று கேட்டார். "நிச்சயம் மேடம், எங்க ஊரு மேடம்" என்று சொன்னேன்.

2. நேரம் போகாத மூன்று பேர்

பஸ் எப்போது வருமோ என்ற பயத்தில் மிகவும் சீக்கிரம் வந்துவிட்டோம். செக்யூரிட்டியில் பெரியப்பாவின் வெள்ளி அரைஞாண் கயிற்றுக்கு மெஷின் இரண்டு முறை கூவியது. அதைத் தவிர சிக்கல் இல்லை. உள்ளே போன பிறகுதான் சிக்கல், செய்வதற்கு ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சும்மா இருப்பது கடல் தொழில் செய்கிறவர்களுக்கு வராத காரியம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கண்ணாடி வழியாக விமானத்தைப் பார்த்தார்கள்.

"டேய் ஆபீசரு, இது ஏன் ரெக்கையை ஆட்டாம நிக்குது?" என்று கோதண்டம் மாமா கேட்டார்.

"அது ஆட்டாது மாமா."

"பின்ன எப்பிடிடா மேல போவும்?"

அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான், "வாங்க, அந்தக் கடையில எதனா வாங்கலாம்" என்று எதிரே இருந்த புத்தகக் கடைக்கு அழைத்துப் போனேன். புத்தகக் கடை என்று பெயர், பாதிக் கடையில் கழுத்துத் தலையணையும் சாக்லெட்டும்தான். வாசலில் இங்கிலீஷ் மாத இதழ்களுக்கு உயரமான ஒரு ஸ்டாண்ட். தமிழ்ப் பத்திரிகைகள் கீழ்த் தட்டில், குனிந்தால்தான் தெரியும்.

பெரியப்பா குனிந்து ஒரு தினசரியை எடுத்து, கடலில் காற்று எப்படி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தார். கோதண்டம் மாமா பேத்திக்கு மிருகப் படம் போட்ட அட்டைப் புத்தகம் ஒன்றைத் தூக்கி எடை பார்த்தார். தேசப்பன் சித்தப்பாவுக்குப் புளிப்பு மிட்டாய் வேண்டும், மேலே போனால் காது அடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பில் கவுன்டரில் ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும். சித்தப்பா மிட்டாய் பாக்கெட்டை நீட்டினார். அவள் ஸ்கேன் செய்யாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்தப் புக்குல இருக்கிறவரா?"

"எந்தப் புக்கு?"

அவள் கவுன்டரை விட்டு வெளியே வந்து, ஸ்டாண்டிலிருந்து ஒரு இதழை எடுத்துக் காட்டினாள். அட்டைப்படம் முழுக்க எங்கள் ஏரி. தூரத்தில் செங்கால்நாரைகள் ஒரு கோடு போல. விடிகிற நேரத்து வெளிச்சம். நடுவில் படகு, படகில் தேசப்பன் சித்தப்பா. வீச்சு வலை காற்றில் வட்டமாக விரிந்து நிற்கிறது. சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது.

"ஐயோ நீங்கதான்! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமாண்ணா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்தப்பா! நீங்க இண்டியா ஃபுல்லா தெரியிறீங்க!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சித்தப்பா சிரிக்கவில்லை. செல்ஃபிக்கு நிற்கவும் இல்லை. மிட்டாய் பாக்கெட்டைக் கவுன்டரில் மெதுவாக வைத்துவிட்டு, கோதண்டம் மாமாவைப் பார்த்தார். மாமா இதழைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது சித்தப்பாவை அல்ல. படத்தின் இடது ஓரத்தை.

"இது அஞ்சலை பொடவை" என்றார்.

அஞ்சலை அவர் மனைவி.

3. படத்தின் இடது ஓரம்

இடது ஓரத்தில் தண்ணீரில் கம்புகள் நட்டிருந்தன. அதில் ஒரு கம்பில் ஆரஞ்சு நிறத்தில், கிளிப்பச்சை ஓரம் வைத்த துணித் துண்டு ஒன்று கட்டியிருந்தது. பாடு கிடைத்தவர் தன் வலைக்கம்பில் அடையாளத்துக்கு ஏதாவது ஒரு துணி கட்டுவது எங்கள் வழக்கம். அதைப் பார்த்தால் இன்றைக்கு இந்த இடம் யாருடையது என்று தூரத்திலிருந்தே தெரியும். மனைவியின் பழைய புடவையைக் கிழித்து அந்தத் துண்டைக் கட்டியவர் கோதண்டம் மாமா. அதாவது அன்றைக்கு அது அவருடைய பாடு. அவருடைய கம்புக்கு உள்ளே நின்றுதான் தேசப்பன் சித்தப்பா வலை வீசிக்கொண்டிருந்தார்.

இது எனக்கு உடனே புரியவில்லை. ஏரிக்கரையில் பிறந்தவன்தான், ஆனால் நான் பார்த்தது வெளிச்சத்தையும் பறவையையும்தான். மூன்று பேரும் ஏன் அந்த ஓரத்தையே பார்க்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல், "என்ன மாமா?" என்றேன்.

மாமா என்னைக் கண்டுகொள்ளவில்லை. "மச்சான், இது போன தை மாசம்தானே?"

"ஆமா" என்றார் சித்தப்பா.

"நான் இறாலை ஏலத்துக்குக் கரைக்கு எட்த்துகினு போன நேரம்."

"ஆமா மச்சான். ஆனா நான் தொழிலுக்கு வர்ல. ஒரு கேமராக்காரரு படகு கேட்டாரு. பறவை காட்டினேன். வலை வீசுற மாதிரி ஒரு படம் வேணும்னாரு. நான் நம்ம கரையாண்டதான் வீசினேன். அந்தக் கம்பெல்லாம் அழகா கீது, அங்க போலாம்னாரு. போனேன். எனக்கு அந்த நேரத்துல பாடுன்ற நெனப்பே வர்ல."

"எத்தினி வாட்டி வீசினே?"

"ஏழெட்டு வாட்டி. சரியா விரியல விரியலன்னு சொல்லிகினே இருந்தாரு."

"இன்னா பட்டுச்சி?"

"ஒரு மடவை மீனு. அதையும் தண்ணியிலயே உட்டுட்டேன்."

"காசு குட்த்தாரா?"

சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். "ஐநூறு."

கோதண்டம் மாமா இதழை ஸ்டாண்டில் வைக்கவில்லை. பெரியப்பாவிடம் கொடுத்தார். "மாமா, புடி. நீதான் நடு ஆளு." பிறகு என்னிடம் திரும்பினார். "டேய் வினோத்து, இந்தப் பொஸ்தவம் இங்க எத்தினி கீதுன்னு கேளு. மொத்தத்தையும் எடுக்கணும்."

4. ஆறு பிரதிகள்

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஊர்க் குற்றம் வெளியே தெரியக் கூடாது, கொச்சிக்கு வருகிற யாராவது இந்த இதழை வாங்கிவிடக் கூடாது, மறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அதனால் மாமாவைத் தனியே இழுத்து விளக்கினேன்.

"மாமா, இது இந்தக் கடையில மட்டும் விக்கிறதில்ல. டெல்லி, பம்பாய், எல்லா ஏர்போர்ட்லயும் இருக்கும். நாம இங்க வாங்கிட்டா மறைஞ்சிடாது."

"யாருடா மறைக்கிறது?" என்று மாமா என்னை முறைத்தார். "மறைக்கிறதுக்கு நான் இன்னா திருடனா?"

பெரியப்பாதான் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். முறை தப்பி யாராவது வலை போட்டுப் பிடிபட்டால், அந்த இடத்திலேயே வலையைப் பறிமுதல் செய்வார்கள். பாதி வலையை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டு வர முடியாது. மொத்தமாகச் சுருட்டி, இரண்டு பக்கமும் சேராத ஒரு ஆளிடம் ஒப்படைப்பார்கள். தலைவர் முன்னால் கூட்டம் கூடுகிற வரைக்கும் அது அவரிடம் இருக்கும். இங்கே வலைக்குப் பதில் புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப டெல்லியில இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நம்ம கைக்கு எட்டுற எடத்துல கெடைச்சதை எடுக்கிறது நம்ம வேலை. ஒலகத்துல கீறதுக்கெல்லாம் நாம பொறுப்பு இல்ல."

எனக்கு அது புரிந்ததா, இப்போது யோசித்தால்கூடத் தெரியவில்லை. கடைப் பெண்ணிடம் போய் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன்.

"ஸ்டாக்கு ஏழு வந்துச்சி சார். காலையில ஒரு கஸ்டமர் ஒண்ணு வாங்கினாங்க. ஆறு இருக்கு. ஒண்ணு முந்நூத்தி அம்பது. ஆறுமா வேணும்?" அவளுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணன் படம் வந்ததுக்கு ஊர்ல குடுக்கவா?"

"ஆமா" என்று பொய் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அந்த ஏழாவதை வாங்கியவர் எங்கே என்று மாமா கண்ணை ஓட்டினார். எதிர் வரிசையில் ஒரு அம்மா காலை நீட்டி உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். மாமா அவரை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டார். நல்ல வேளை, பெரியப்பா துண்டைப் பிடித்து இழுத்தார். "அது வலையைக் கிழிச்சிகினு போன மீனு. உடு."

அடுத்த குழப்பம், யார் காசு கொடுப்பது. சித்தப்பா பையில் கை விட்டார். மாமா, "நீ குட்த்தா உன் பொருளை நீயே வாங்கின மாதிரி ஆயிடும், வாணாம்" என்றார். "அப்ப நீ குடு" என்றார் சித்தப்பா. "நான் ஏன்டா குடுக்கணும், நான் குட்த்தா சாட்சியைக் காசு குட்த்து வாங்கிட்டான்னு நாளைக்கி நீயே சொல்லுவே." பெரியப்பா நடு ஆள், அவர் காசு போட்டால் நடு ஆளாக இருக்க முடியாது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் டிராவல் அட்வான்ஸ் போட்ட ஆபீஸ் கார்டு இருந்தது. சாப்பாடு, ஆட்டோ, தண்ணீர் பாட்டிலுக்காகக் கொடுத்தது. அதிலிருந்து இரண்டாயிரத்து நூறு ரூபாய் கொடுத்தேன். கடைசியில் தோற்றவர் தர வேண்டும் என்று பேச்சு.

"கேரி பேக் வேணுமா சார்? பத்து ரூபா."

"வாணாம்" என்றார் பெரியப்பா. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கவுன்டரிலேயே விரித்து, ஆறு இதழையும் அடுக்கி, நான்கு முனையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார். கடைப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. "எதனா பிரச்சினையா சார்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "இல்லம்மா, ஊர் வழக்கம்" என்று சொன்னேன். அது பொய்யில்லை.

5. கொச்சின், கொச்சின்!

இப்போதெல்லாம் விமான நிலையத்தில் மைக்கில் கூப்பிடுவதில்லை. போர்டைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது எங்கள் விமானத்துக்கு நேராக போர்டிங் என்று மின்னிக்கொண்டிருந்தது. "வாங்க, ஏறணும்" என்று பையைத் தூக்கினேன். யாரும் நகரவில்லை.

"வழக்கு நிக்கிறப்ப ரெண்டு பேரும் ஒரே படகுல ஏற மாட்டோம்டா" என்றார் மாமா.

"இது படகு இல்ல மாமா."

"ஏறிப் போறதுதானே? கீழ தண்ணி இருந்தா இன்னா, காத்து இருந்தா இன்னா?"

அந்த நேரம் மேடம் போன். "வினோத், மூணு பேரும் ஏறிட்டாங்களா?"

"ஏறப் போறோம் மேடம்."

"எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சி, புக் ஸ்டோர்ல ரெண்டாயிரத்து நூறுன்னு. அது ஆபீஸ் கார்டுப்பா. என்ன வாங்கினீங்க?"

"மேகசின் மேடம். ஆறு."

"ஆறு வேற வேற மேகசினா?"

"இல்ல மேடம். ஒரே மேகசின் ஆறு."

"வந்து பேசலாம்" என்று வைத்துவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. வவுச்சரில் எந்தத் தலைப்பில் இதை எழுதுவது?

தேசப்பன் சித்தப்பா தூணில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் போனேன். "முறை தப்பினவனுக்கு அடுத்த பாடு கெடையாது, தெரியும்ல?" என்றார். "என் அடுத்த பாடு பொங்கலுக்கு முந்தின வாரம். ஏரியில நல்ல இறாலு ஓடுற சமயம். நம்ம பொண்ணு கவிதா நர்சிங் படிக்குதே, ரெண்டாவது பீஸு அந்த இறாலைக் காட்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன். ஐநூறு ரூபாய்க்கு ஆசப்பட்டுக்கூடப் போகலடா நான். அந்தாளு கேட்டாரு, போனேன்."

"அப்ப அதைச் சொல்லுங்க சித்தப்பா, மீன் புடிக்கப் போகலன்னு."

"அதான்டா எனக்கே தெரியல. வலையைப் போட்டேன். மீனுக்குப் போடல. இது தப்பா, தப்பில்லையா?"

என்னிடம் கேட்டார். பி.காம். படித்தவன் என்று கேட்டார்.

யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன், பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி, "கொச்சின்! கொச்சின்! லாஸ்ட் கால்!" என்று நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் நடந்து போனான். எங்களைப் பார்த்து, "சார் கொச்சினா?" என்றான். "ஆமா, ரெண்டு நிமிஷம்" என்றேன்.

தலைவருக்கு போன் போட்டேன். கண் ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து பேசினார், பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம். ஸ்பீக்கரில் போட்டேன். மாமா தன் பக்கத்தைச் சொன்னார். சித்தப்பா தன் பக்கத்தைச் சொன்னார். சித்தப்பா கடைசியில், "அண்ணே, இப்பவே ஒண்ணு சொல்லிடு, நெஞ்சு அடிச்சிகினே கீது" என்றார்.

"நான் இல்லாத எடத்துல தீர்ப்பு எப்பிடிடா சொல்றது? போன்ல தீர்ப்பா? பொருளு முனுசாமிகிட்ட கீதா?"

"கீது" என்றார் பெரியப்பா.

"முடிச்சி போட்டியா?"

"போட்டேன்."

"ரெண்டு பேரும் அது மேல கைய வைங்க. நான் வர்ற வரைக்கும் ஒருத்தன ஒருத்தன் ஏசக் கூடாது. அப்புறம் ஏறுங்க. இங்க என் நம்பர் கூப்புடுறான்."

வைத்துவிட்டார். கொச்சி கேட்டுக்கு முன்னால், வரிசையில் கடைசியில், பெரியப்பா துண்டு மூட்டையை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். கோதண்டம் மாமா முடிச்சின் மேல் கை வைத்தார். அவர் கை மேல் தேசப்பன் சித்தப்பா கை வைத்தார். போர்டிங் பாஸ் பார்க்கிற பெண் ஸ்கேனரைப் பிடித்தபடியே வேடிக்கை பார்த்தாள். "டெம்பிள் பிரசாதமா சார்?" என்றாள். "ஆமாங்க" என்று இரண்டாவது பொய்யைச் சொல்லிவிட்டு எல்லோரையும் உள்ளே தள்ளினேன்.

6. கடைசி ஸ்லைடு

விமானத்தில் மூன்று பேரும் ஒரே வரிசை. நடுவில் பெரியப்பா, மடியில் மூட்டை. சித்தப்பாவுக்குக் காது அடைத்தது. மிட்டாயைக் கடையிலேயே மறந்துவிட்டிருந்தோம். கோதண்டம் மாமா, பேத்திக்கு வாங்க நினைத்த புத்தகத்தையும் வாங்கவில்லை. ஏசக் கூடாது என்று சொன்னதால் இரண்டு பேரும் ஏசவில்லை. பேசவும் இல்லை.

பயிலரங்கில் பெரியப்பாதான் முக்கியமாகப் பேசினார், நான் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொன்னேன். சீட்டு எப்படிப் போடுவது, துணி எப்படிக் கட்டுவது, எல்லாம் நன்றாகப் போனது. கடைசி ஸ்லைடு வந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று ராத்திரி நினைத்தேன். எடுத்தால் என்ன காரணம் சொல்வது என்று புரியாமல் விட்டிருந்தேன். திரையில் என் பெரிய எழுத்து நின்றது.

முன் வரிசையில் ஒரு பேராசிரியை கை தூக்கினார். "உண்மையிலேயே யாரும் மீறியதே இல்லையா? ஒரு தடவைகூட?"

நான் மொழிபெயர்த்தேன். பெரியப்பா வாயைத் திறந்தார், மூடினார். நடு ஆள் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. கோதண்டம் மாமா தரையைப் பார்த்தார். அவர் பேசினால் ஏசியதாக ஆகிவிடும். தேசப்பன் சித்தப்பா எழுந்தார்.

"சொல்லுடா. நான் மீறியிருக்கேன்னு சொல்லு."

"சித்தப்பா..."

"சொல்லுன்றேன்ல. கேக்குறாங்க. வலையை வீசினது நான், பாடு அவுருது, படம் பொஸ்தவத்து அட்டையில கீது. வழக்கு நிக்குது, ஊருக்குப் போனா தீர்ப்பு. அதைச் சொல்லு."

சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் கூடம் முழுக்கக் கை தட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். சித்தப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நீ சரியா சொன்னியாடா? தப்பு பண்ணேன்னு சொன்னா எதுக்குக் கை தட்டுறானுங்க?"

"சரியாத்தான் சொன்னேன் சித்தப்பா. எனக்கும் தெரியல."

தேநீர் நேரத்தில் பேராசிரியை வந்து அந்த இதழைப் பார்க்கலாமா என்று கேட்டார். பெரியப்பா மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தலைவரு வந்துதான்மா அவுக்கணும்" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு கேட்டும் அவிழ்க்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் அவரே ஒன்று வாங்கியிருப்பார்.

7. கூட்டம்

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் மணலில் கூடினார்கள். தலைவர் முடிச்சை அவிழ்த்து, ஒரு இதழை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எட்த்திருக்கான்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு. பிறகு சித்தப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி. "வலை நனைஞ்சிதா?"

"நனைஞ்சிது."

"மீனுக்குப் போடலியே அவன்!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். "மடவை பட்டுச்சி, உட்டுட்டான்!" என்று இன்னொருவர். "அப்ப அந்த ஐநூறு? அது மடவை இல்லாம வேற இன்னா?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒவ்வொருவர் சொன்னபோதும் அதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது.

தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எதுக்குப் போட்டான்னு பாக்க ஆரம்பிச்சா, நாளைக்கி ஒவ்வொருத்தனும் ஒரு காரணத்தோட வருவான். வலை நனைஞ்சா அது தொழிலு. அந்தத் தண்ணியில அன்னிக்கி வந்ததெல்லாம் கோதண்டத்துது. ஐநூறைக் குடு. பொஸ்தவக் காசைக் குடு. அடுத்த பாடு இல்ல."

சித்தப்பா தலையை ஆட்டினார். கவிதா கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

"அப்ப அந்தப் பாடு யாருக்கு?" என்று கோதண்டம் மாமா கேட்டார்.

"யாருக்கு நட்டமோ அவனுக்கு. உனக்குத்தான்."

"எனக்குன்னா, யாரைக் கூட ஆளா கூட்டிப்பேன்னு நான்தானே சொல்லணும்?"

"நீதான்."

"அப்ப இவன் வரட்டும். எனக்கு அந்த எடத்துல அடியில எங்க சேறு, எங்க மணலுன்னு பழக்கம் இல்ல. வலை என்னுது, வர்றதுல பாதி பாதி." சித்தப்பாவைப் பார்க்காமலே சொன்னார். அவர் மனைவி அஞ்சலை அத்தை அதற்குள் ஒரு இதழை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். "என் பொடவை மட்டும் ஊரு ஒலகமெல்லாம் போவுது, நான் பொன்னேரி தாண்டல" என்றார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, நம் ஆட்கள் ஒரு காரியத்தைச் செய்யும்போது அதற்குக் காரணம் நமக்குத் தெரியும் என்று நினைத்து விளக்கம் சொல்லப் போகாதீர்கள், முதலில் கேளுங்கள். நான் சொந்த ஊரிலேயே தவறாக நினைத்தேன். இரண்டு, ஸ்லைடில் 'இதுவரை யாரும்' என்று தொடங்கும் வாக்கியம் எதையும் போடாதீர்கள். மேடம் வவுச்சரில் 'திரும்ப வர வேண்டிய முன்பணம்' என்று எழுதச் சொன்னார். சித்தப்பா அந்த வாரமே கொண்டு வந்து கட்டி ரசீது வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் ஒரே படகில் போனார்கள். அன்றைய இறால் ஏலத்தில் எட்டாயிரத்துக்குப் போனது, பாதி மாமாவுக்கு, பாதி சித்தப்பாவுக்கு. தன் பாதியை அப்படியே கவிதாவின் ஃபீஸில் கட்டினார், மீதிக்கு மாசி வரை அவகாசம் கேட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், தந்தார்கள். அந்த ஒரு விடியற்காலைப் படத்துக்காக சித்தப்பா இழந்தது: ஏலத்தில் போன பாதி நாலாயிரம், புத்தகக் கடையில் இரண்டாயிரத்து நூறு, கேமராக்காரர் கொடுத்த ஐநூறு, ஆக ஆறாயிரத்து அறுநூறு ரூபாய்.